மான் காதில் விழுந்த பேச்சு

1.

இந்தக் கதை ஜப்பானின் வடகோடியில், ஹொக்கைடோவில், எங்கள் ஊர்ப் பொதுக் குளியலறையின் வெந்நீர்த் தொட்டியில் கிடைத்தது. கழுத்துவரை நீரில் கிடந்த ஒரு வேட்டைக்காரர் சொன்னார்: "பேசிகிட்டே நடந்து போனா மான் நம்மள ஒரு பொருட்டாவே மதிக்காது. நின்னுட்டோம்னு வைங்க, அவ்வளவுதான், பறந்துடும்." அதனால் இருவராகப் போவார்களாம். துப்பாக்கிக்காரர் சட்டென்று மரத்தடியில் நின்றுவிடுவார். மற்றவர், அவர் பக்கத்திலேயே வருவதுபோலப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

பேச ஆளில்லாதவர் என்ன செய்வார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மிச்சமெல்லாம் என் கற்பனை.

2.

பனி பொழிந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஓனோதெரா (அடித்துவிட்டேன். பனி இல்லாமல் ஆரம்பிக்க எனக்குத் தெரியாதா?)

ஓனோதெராவின் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது வேட்டைக்குத் துணை, பக்கத்து வீட்டு சதோயே. அவளும் தனியாள்தான், ஆனால் வாய் ஓயாதவள். (முதல் பிரதியில் அவளை அமைதியானவளாக எழுதியிருந்தேன். மான்கள் எல்லாம் ஓடிவிட்டன.) இந்த மாதக் கடைசியில் அவள் சப்போரோ நகரத்துக்கு, மகன் வீட்டோடு போகிறாள். போகாதே என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஓனோதெரா இன்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

3.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"சோறும் ஊறுகாயும்."

"நேத்தும் அதானே? உங்க நாக்கு செத்தே போச்சு, ஓனோதெரா-சான்."

"சதோயே-சான், நான் ஒண்ணு..."

"என்ன?"

"அங்க பாருங்க... குளம்புத் தடம்."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் கதையை எப்படி நகர்த்துவது? சொல்லித் தொலையுங்களேன் என்று இங்கிருந்து கத்தினேன். கேட்டால்தானே.

சரிவுக்குக் கீழே பெட்டை மான் ஒன்று மரப்பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கியது. காதிரண்டும் இவர்கள் பக்கம் திரும்பின. பேச்சு நிற்கவில்லை என்றதும் மறுபடி பட்டையிடம் போனது. ஓனோதெரா வழக்கம்போல நின்றுவிட்டார். சதோயே வழக்கம்போல, அவர் இல்லாத இடத்தோடு பேசிக்கொண்டே போனாள்.

"எனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கியிருக்கானாம். ஜன்னலத் தெறந்தா எதிர்வீட்டுச் சுவரு. போகணும்னு எனக்கென்ன தலையெழுத்து? போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இருந்துடுவேன். நீங்க சொல்ல மாட்டீங்க. தெரியும்."

4.

முதல் முடிவு: அவர் சுடுகிறார். இறைச்சியைச் சரிபாதியாகப் பிரிக்கிறார்கள். அவள் பங்கு சப்போரோவுக்குப் போகிறது.

இரண்டாவது: அவர் கூப்பிடுகிறார். மான் போனால் போகட்டும். ஆனால் ஆளில்லை என்ற தைரியத்தில் சொன்னதை அவர் கேட்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த வெட்கத்தை அவள் தாங்குவாளா?

மூன்றாவது: அவர்

(எழுத வரவில்லை. எனக்கும் சதோயேயின் வேலைதான். நீங்கள் பக்கத்தில் வருவதாக நினைத்துப் பேசிக்கொண்டே போகிறேன். எந்த வரியில் நின்றுவிட்டீர்களோ, தெரியாது. தனிமையாகத்தான் இருக்கிறது.)

அவள் மேட்டைத் தாண்டப்போகிறாள். குரல் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. மான் நிமிரவே இல்லை. ஓனோதெராவின் வாய் திறந்திருக்கிறது, சத்தம்தான் வரவில்லை. நீங்கள் இன்னும் இங்கே இருந்தால், நீங்களாவது கூப்பிடுங்கள். அவள் பெயர் சதோயே.