புகாரே இல்லாத தெரு

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு வலது பக்கம் திரும்புகிறவர்கள், சிவப்பு விளக்கைப் பார்த்ததும் ஆக்ஸிலேட்டரைத் தேடுகிறவர்கள், 'ரிவர்ஸ் மட்டும் வேண்டாம் மேடம், அது எனக்குத் தேவைப்படாது' என்கிறவர்கள் எல்லோரையும் பார்த்தாயிற்று. கோபம் என் மூக்கு நுனியில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஆனால் அவர்கள் அத்தனை பேரையும் சேர்த்தாலும் என் தெருக்காரர்களுக்கு ஈடாக மாட்டார்கள்.

எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில் ஒரு பெரிய சாக்கடை குறுக்கே ஓடுகிறது. அதன்மேல் இருந்த சிமென்ட் ஸ்லாப்பை இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு தண்ணீர் லாரி உடைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. அன்றிலிருந்து ஒற்றை மரப்பலகைதான் பாலம். நடக்கலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். என் காரை மெயின் ரோட்டோரமே நிறுத்த வேண்டும். சக்கர நாற்காலி மட்டும் எந்த வித்தை காட்டினாலும் போகாது.

சக்கர நாற்காலி என் தங்கையுடையது. முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே பலமில்லை. அந்தப் பலமெல்லாம் நாக்குக்குப் போய்விட்டதோ என்று சில நாள் எனக்குத் தோன்றும். ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். அங்கே சாய்தளம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, அவளுக்காக கவுன்ட்டரையே தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்வதற்கு அவளுக்குக் குறுக்கே நின்றது அந்த ஒரு சாக்கடைதான்.

தூக்கிக்கொண்டு போனால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு முறை போனோம். தெரு ஆண்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். பலகையின் நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கி, நாற்காலி சாய்ந்து, அவள் உடை விலகி, "ஐயோ பிடி பிடி" என்று நாலா பக்கமும் கைகள் நீண்டு, கடைசியில் அக்கரை சேர்ந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் தங்கை என்னிடம், "இனிமே நான் செத்தாத்தான் என்னைத் தூக்கணும், புரிஞ்சுதா?" என்றாள். எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டவில்லை.

நாங்களே காசு போட்டு ஸ்லாப் போட்டுவிடலாம் என்று ஜல்லி இறக்கியபோது நகராட்சி அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டார். பொதுச் சாக்கடையில் தனியார் கை வைக்கக்கூடாதாம். அதே சாக்கடையில் லாரி சக்கரம் வைத்தபோது மட்டும் ஒருவரையும் காணோம்.

சரி, மெம்பரிடம் போவோம் என்று முடிவானது. வார்டு மெம்பரின் அலுவலகம் மெயின் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், எங்கள் தெருவைப் பார்த்தபடியே இருக்கிறது. சுவர் முழுக்கக் குடைச் சின்னம். நாங்கள் போன தேர்தலில் குடைக்குத்தான் போட்டோம். குடை ஜெயித்தது. எதிரே குடையோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். இதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

மனு எழுதுகிற பொறுப்பைக் கோர்ட் அண்ணன் எடுத்துக்கொண்டார். மூன்றாவது வீட்டுக்காரர், நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க். எந்த ஜட்ஜ் எந்த ஹாலில் உட்காருகிறார், யாரிடம் வாய்தா கேட்கலாம், யாரிடம் மத்தியானத்துக்கு மேல் வாயே திறக்கக்கூடாது, எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'மேற்படி தெருவின் மேற்படி முனையில் மேற்படி சாக்கடையானது' என்று ஆரம்பித்தார் என்றால் சாக்கடைக்கே மரியாதை வந்துவிடும்.

மெம்பரும் நல்ல மனிதர்தான். போகும்போதெல்லாம் டீ வரவழைப்பார், நாற்காலி போடச் சொல்வார். "பார்க்கறேன்க்கா" என்பார். இரண்டு வருடம் டீ குடித்தோம்.

தங்கை மட்டும் ஒரு நாள் கேட்டாள். "அக்கா, அந்த ஆளு பேரு என்ன?"

"மெம்பர்."

"அவங்க வீட்டுல பொறந்தப்பவே மெம்பர்னு பேரு வெச்சுட்டாங்களா?"

"இப்ப அவர் பேரு எதுக்குடி உனக்கு? ஜாதகம் பார்க்கப் போறியா?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

இப்படியே தேர்தல் வந்துவிட்டது. அதே வாரம் மருந்துக்கடை மேனேஜரும் போன் செய்தார். "நானும் ரெண்டு வருஷமா உன் இடத்தைக் காலியா வெச்சிருக்கேன்மா. மேலிடத்துல கேக்கறாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள வந்துடு. இல்லேன்னா வேற ஆள் போட்டுடுவாங்க." தங்கை சரி சார், சரி சார் என்றாள். போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஓட்டுக் கேட்டு ஒரு அம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். ரிட்டயரான டீச்சராம். கையில் குடைச் சின்னம் போட்ட நோட்டீஸ். பலகையில் தட்டுத் தடுமாறி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, கை கூப்பினார். "அஞ்சு வருஷமா உங்க மெம்பரா இருந்திருக்கேன். இந்தத் தடவையும் நீங்கதான் பார்த்துக்கணும்."

தெருவே சேர்ந்து முழித்தது. நான்தான் கேட்டேன். "எங்க மெம்பரா? எங்க மெம்பர் எதிர்ல இருக்கற அவர்தானேம்மா?"

"அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வார்டு. மெயின் ரோடுதான் எல்லை. இந்தப் பக்கம் முழுக்க என்னோடது. ஒரே கட்சி, ஒரே சின்னம், ரெண்டு பேரும் ஜெயிச்சோம்." அவர் முகம் மலர்ந்தது. "என் வார்டுலயே தங்கமான தெரு உங்களோடது. அஞ்சு வருஷத்துல ஒரு புகார் கிடையாது. மத்தத் தெருக்காரங்ககிட்ட எல்லாம் உங்களைத்தான் உதாரணம் சொல்வேன். போன வருஷம்கூட மூணு ஸ்லாப்புக்கு அனுமதி வந்துச்சு. கேட்ட தெருவுக்கெல்லாம் போட்டுக் கொடுத்துட்டேன்."

மூன்று ஸ்லாப். கேட்ட தெருவுக்கெல்லாம். எங்களுடையது கேட்காத தெரு.

கோர்ட் அண்ணனைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, ஓட்டுப் போட்டப்ப பேரைப் படிக்கலியா நீங்க?" என்று கேட்டேன்.

"குடை இருந்துச்சு, அமுக்கினேன். நீ படிச்சியா?"

நானும் படிக்கவில்லை. ஒரே பள்ளிக்கூடம், இரண்டு வார்டுக்கும் பக்கத்துப் பக்கத்து அறை. எங்களை இந்த அறைக்குப் போகச் சொன்னார்கள், போனோம். ஏன் என்று ஒரு ஜீவனும் கேட்கவில்லை.

நேரே ரோட்டைத் தாண்டி எதிர் அலுவலகத்துக்குப் போனேன். தெருவில் பாதிப் பேர் பின்னாலேயே வந்தார்கள். மெம்பர் வழக்கம்போல டீ சொல்லப் போனார்.

"டீயெல்லாம் இருக்கட்டும். நாங்க உங்க வார்டே இல்லையாமே?"

"ஆமாக்கா."

"அதை ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையேக்கா. வீடு தேடி வந்தவங்களைப் போங்கன்னு சொல்றது மரியாதையா? அதுவும் இல்லாம, வாசல்ல தினமும் நாலு பேர் நின்னாத்தான் மெம்பர் ஆபீஸ் மாதிரி இருக்கும்."

"பார்க்கறேன் பார்க்கறேன்னு சொன்னீங்களே?"

"பார்த்தேன்க்கா. இதோ, இங்க உட்கார்ந்தாலே உங்க சாக்கடை தெரியுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வாசலில் நின்று தெருவே அதிரும்படி கத்தினேன். "இந்தக் குடைக்கு இனிமே எங்க தெருவுல இருந்து ஒரு ஓட்டு விழாது! ஒண்ணே ஒண்ணு விழட்டும், பார்க்கறேன்!" பின்னால் நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். இரண்டு வருடமாக நான் சொன்ன எதையும் கேட்காத ஜனம்.

டீச்சரம்மா அப்படியே போய்விடவில்லை. எங்கள் வீட்டுக்குள் வந்து தங்கையின் எதிரில் உட்கார்ந்து எல்லாம் கேட்டார். தேர்தல் அறிவித்துவிட்டதால் இப்போது புது வேலை எதையும் தொடங்க முடியாது என்று அவர் சொன்னபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "முடிவு வந்த மறுநாள் வேலை ஆரம்பிக்கும். அடுத்த மாசக் கடைசிக்குள்ள நீ வேலைக்குப் போற. என் பொறுப்பு" என்றார் தங்கையிடம். மறுநாள் காலை தானே டேப்போடு வந்து சாக்கடையை அளந்தார். ஒரு செருப்பு உள்ளே விழுந்தது. அதை விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு மீதியையும் அளந்து எழுதிக்கொண்டு போனார். அன்றைக்குத் தங்கை தன் மருந்துக்கடை வெள்ளைக் கோட்டை எடுத்து இஸ்திரி போடச் சொன்னாள்.

அன்று முதல் நான் வீடு வீடாக ஏறினேன். "டீச்சரம்மாவுக்குப் போடுங்க."

"சின்னம்?"

"குடை."

"குடைக்கு ஒரு ஓட்டு விழாதுன்னு நீதானே கத்தினே?"

"அது எதிர்ப்பக்கத்துக் குடை. இது நம்ம குடை."

"குடைன்னா குடைதானே?"

ரிவர்ஸ் கியரை விளக்குவதைப் போலப் பொறுமையாக விளக்கினேன். சுவரில் கோடு போட்டுக் காட்டினேன். இது ரோடு, இது நாம், இது அவர். எல்லோரும் புரிந்ததாகத் தலையாட்டினார்கள். என் மாணவர்களும் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

ஓட்டுப் போடும் நாளில் அடுத்த கூத்து. பள்ளிக்கூடத்தில் மராமத்து வேலை என்று வாக்குச்சாவடியை நூலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். நான் முந்தின நாளே சொல்லியிருந்தேன். ஆனாலும் கோர்ட் அண்ணன் ஒரு கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போய், அங்கே சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே காவலாளியிடம் சட்டம் பேசிக்கொண்டிருந்தார். நான்தான் கார் எடுத்துப் போய் மூன்று நடையாக அவர்களை நூலகத்தில் இறக்கினேன். என் பெட்ரோலில் என் தங்கைக்கே வேட்டு வைக்கப் போகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

முடிவு வந்தது. டீச்சரம்மா முப்பத்தெட்டு ஓட்டில் தோற்றுவிட்டார். அவரை எதிர்த்து நின்ற பூட்டுச் சின்னத்துக்காரர் ஜெயித்துவிட்டார். எங்கள் தெருவில் மட்டும் நூறு ஓட்டுக்கு மேல் இருக்கிறது.

கோர்ட் அண்ணன் துள்ளிக்கொண்டு வந்தார். "பார்த்தியாம்மா! நீ சொன்ன மாதிரியே தெருவோட பூட்டுக்குப் போட்டுத் தள்ளிட்டோம்! குடையை மடக்கிட்டோம்ல!"

அந்த நிமிடம் எதிரே பட்டாசு வெடித்தது. எதிர் அலுவலக மெம்பர் பக்கத்து வார்டில் சுகமாக ஜெயித்திருந்தார்.

"அதெப்படி அவர் ஜெயிச்சார்?" என்றார் கோர்ட் அண்ணன். "நாமதான் போடலையே?"

நான் பதில் சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது, கத்தினது நான்தானே என்ற நினைப்பு வேறு நெஞ்சை அறுத்தது. உள்ளே போய்த் தங்கையிடம் சொன்னேன். அவள் ஹாங்கரில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழுது முடிச்சியா?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "புது மெம்பர் வீடு எங்க இருக்கு?"

"விசாரிக்கறேன். நான் போய்ப் பேசறேன்."

"நீ பேசி ஆனது போதும். என்னைத் தூக்கு."

நான் அவளைப் பார்த்தேன். "என்ன பார்க்கறே? தூக்குன்னா தூக்கு. எனக்கு மானம் போறதைவிட வேலை போறது பெருசா தெரியுது இப்ப."

அவளை முதுகில் சுமந்துகொண்டு பலகை மேல் நடந்தேன். என் கழுத்தை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். கோர்ட் அண்ணன் நாற்காலியை மடக்கித் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

மெயின் ரோட்டில் நின்ற என் காரில் பூட்டுக்காரரின் வீட்டுக்குப் போனோம். அங்கே ஒரே கூட்டம், பூங்கொத்து, போட்டோ. வாசலில் மூன்று படி. நானும் அண்ணனுமாக அவளை நாற்காலியோடு தூக்கிக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தோம். புது மெம்பர் சிரித்த முகமாக வந்தார். தங்கை நிதானமாக எல்லாம் சொன்னாள். ஸ்லாப், சாக்கடை, வேலை, மாசக் கடைசி. அவர் அக்கறையோடு கேட்டுக்கொண்டார்.

"எந்தத் தெருன்னு சொன்னீங்க?" என்றார்.

சொன்னாள்.

"அட, அது நம்ம வார்டு இல்லையேம்மா. குடைக்காரர் ஆபீஸ் எதிர்லயே இருக்கே, அந்தத் தெருதானே? அது அவரோட ஏரியா. நல்ல மனுஷன். அவரைப் போய்ப் பாருங்க, டீயெல்லாம் கொடுத்து நல்லாப் பேசுவார்."

நான் வாயைத் திறந்தேன். தங்கை கையைக் காட்டி என்னை அடக்கினாள். நாற்காலியைக் கூடத்தின் நட்டநடுவுக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"சார், நான் இங்க வர்றதுக்கு என்னை ரெண்டு தடவை தூக்க வேண்டியதாப் போச்சு. இனிமே என்னை யாரும் தூக்க மாட்டாங்க. அது யார் வார்டுன்னு நீங்க மெதுவா விசாரிங்க, அவசரமே இல்லை. ஸ்லாப் போட்டதும் சொல்லுங்க, நானே உருட்டிட்டு வீட்டுக்குப் போய்க்கறேன்."

புது மெம்பர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் கோர்ட் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, படியிறங்கி, காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.