கட்டைவிரல் செய்த வேலை

ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு நாத்தனார் எழுதிய முதல் வினாடி வினா, அண்ணியிடம் மட்டும் முரண்டு பிடித்தது. தேன் சேர்க்கும் பூச்சி எது என்ற கேள்விக்கு அண்ணி 'தேனீ' என்று அடித்தால் 'தவறு' என்றது. நாத்தனார் அடித்தால் 'சரி' என்றது.

"உன் புரோகிராமுக்கு என்னைக் கண்டாலே ஆகாது போலிருக்கு," என்றாள் அண்ணி.

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. அண்ணியின் கையையே கவனித்தாள். ஆபீஸில் நாளெல்லாம் டைப் அடிக்கிற கை. சொல் முடிந்ததும் கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஸ்பேஸ் பாரைத் தட்டியது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியையும் சேர்த்தல்லவா புரோகிராம் ஒப்பிட்டிருக்கிறது! ஓரத்து இடைவெளியை வெட்டிவிட ஒரு வரி சேர்த்தாள். தேனீ சரியானது.

அடுத்து, சிலந்திக்கு எத்தனை கால்? அண்ணி மிடுக்காக 'ஆறு' என்று அடித்தாள். தவறு.

"இன்னும் சரி பண்ணலையா நீ?"

"பண்ணிட்டேன் அண்ணி. இந்தத் தப்பு உங்களோடது."