நானூற்றுப் பதினேழாம் மரம்

அந்த வீட்டுத் தோட்டத்தில் எதை நட்டாலும் கருகிவிடும். கடைசியாக நட்ட ரோஜா பத்து நாள்கூடத் தாங்கவில்லை. தையல் வேலை செய்யும் மனைவி அலுத்துப்போய், "இனிமே சாகாத செடியா ஒண்ணு வைங்க" என்றாள்.

கணவன் வெல்டர், சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள். இரும்புக் குழாயை நட்டு, கம்பிகளை வளைத்துக் கிளைகளாகப் பற்றவைத்து, நுனிக்கொன்றாகக் காலி பாட்டில்களைக் கவிழ்த்தான். நீலம், பச்சை, இருமல் மருந்துப் பழுப்பு என்று முப்பத்தொன்று. காலை வெயிலில் சுவரெங்கும் நிறம் வழிந்தது. அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு வெளியே ஓடி வந்தாள்.

மறுவாரம் மரக் கணக்கெடுப்புக்கு ஓர் அதிகாரி வந்தார். பாட்டில் மரத்தின் அடியில் நாடாவைச் சுற்றி அளந்தார்.

"சார், இது இரும்பு" என்றான் வெல்டர்.

"வேர் இருக்கா?"

"ரெண்டடி ஆழத்துக்கு கான்கிரீட் போட்டிருக்கேன்."

"அப்போ இருக்கு." வெள்ளைப் பெயின்டில் 417 என்று எழுதிவிட்டுப் போனார்.

சிக்கல் துணிக்கொடியால் வந்தது. காற்றடித்தால் போர்வையெல்லாம் கிளையில் மாட்டிக் கிழிந்தது. ரெண்டடி தள்ளி வைக்கலாம் என்று வெல்டர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தான்.

"உயிரோட இருக்கிற மரத்தைத் தொடக் கூடாதுங்க" என்றார் அதிகாரி. "பட்டுப்போனா வந்து சொல்லுங்க."

"அவ்வளவுதானே?" என்றாள் வீட்டில் இதைக் கேட்ட மனைவி. மறுநாள் முதல் தினம் ஒரு பாட்டிலாகக் கழற்றினாள். ஒரு மாதத்தில் மரம் மொட்டையானது.

பார்வையிட வந்த அதிகாரியின் முகம் வாடியது. "நல்லா இருந்த மரமாச்சே! என்ன ஆச்சு?"

"தெரியலைங்க. ஒண்ணொண்ணா உதிர்ந்துடுச்சு" என்றாள். நடிக்கத்தான் நினைத்தாள். ஆனால் வெறும் கம்பிகளைப் பார்த்ததும் நிஜமாகவே அழுதுவிட்டாள்.

"மனசைத் தேத்திக்குங்கம்மா" என்று கையெழுத்திட்டார். "ஆனா ஒண்ணு எடுத்தா, அதே இனத்துல ரெண்டு வைக்கணும். அதான் சட்டம்."

வெல்டர் கம்பி அறுக்க ஆரம்பித்தான். அவள் தையல் சாக்பீஸால் சுவரோரம் இரண்டு இடங்களைக் குறித்தாள். "கொடிப் பக்கம் வந்தீங்க, அவ்வளவுதான்!"

அடுத்த மாதம் அதிகாரி வந்து இரண்டையும் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நாலே பாட்டில்.

"ரொம்பச் சின்னதா இருக்கே?"

"இப்பதானே சார் வச்சிருக்கு" என்றான் வெல்டர். "வளரும்."