பக்கத்து சீட்டு பிரேக்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். "பிரேக் சார்" என்றால்தான் ஆளைத் தெரியும். அவருடைய பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் உட்காரும் இவருக்கு ஒரு பிரேக். இத்தனை வருஷத்தில் அவருடைய வலது கால் மூளையைக் கேட்காமலே வேலை செய்யப் பழகிவிட்டது. சினிமாவில் கதாநாயகன் வளைவில் வேகமாகத் திரும்பினால் இவர் கால் முன் சீட்டை உதைக்கும். உதை வாங்கியவர் திரும்பி முறைப்பார்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் மனைவி கோலாட்ட வகுப்புக்குக் கூப்பிட்டாள்.

"யார் யார் பக்கத்துலயோ உட்கார்ந்தே உங்க காலம் போயிடுச்சு. வாரத்துல ஒரு நாள் என் பக்கத்துல நில்லுங்களேன்."

எதையும் கேட்டுப் பழகாதவள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். அவரும் தலையாட்டிவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கும் கார் ஓட்டத் தெரியும். கற்றுக்கொடுத்தவர் இவர்தான். ஓட்டிக் காட்டும் சோதனையில் முதல் தடவையே தேறிவிட்டாள். காரணம், அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அதிகாரி, புருஷன் இல்லை. அதற்குப் பிறகு இவரைப் பக்கத்தில் வைத்து அவள் வண்டியை எடுத்தபோதெல்லாம் நடுரோட்டில் சடக்கென்று நின்றது. பின்னால் வருகிறவர்கள் அவளைத்தான் திட்டினார்கள். ஒருநாள் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள், அப்புறம் தொடவே இல்லை. லைசென்ஸ் பீரோவில் புடவைகளுக்கு அடியில் தூங்குகிறது. 'நான் இருக்கும்போது அவளுக்கு எதுக்குச் சிரமம்' என்று இவரும் நிம்மதியாக இருந்துவிட்டார். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற ஆம்பளைக்கு வீட்டு விஷயம் இவ்வளவுதான் புரியும்.

வகுப்பு நடந்தது பொதுக்கூடம் ஒன்றில். மற்ற நாட்களில் அங்கே ஷட்டில் ஆடுவார்கள். கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பகலில் மருந்துக்கடை வேலை, சாயங்காலம் ஆட்டம். எல்லாருக்கும் அவள் "மாஸ்டர்".

ஆடப்போவது பின்னல் கோலாட்டம். உத்தரத்திலிருந்து வண்ணக் கயிறுகள் தொங்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கயிறு, மறு கையில் ஒரு கோல். பாதிப் பேர் இப்படிச் சுற்ற, பாதிப் பேர் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார்கள். எதிரே வருபவரின் கோலைத் தட்டிவிட்டு ஒருவரை உள்ளே விட்டு, அடுத்தவரை வெளியே விட்டுப் போனால் மேலே கயிறுகள் சடைபோலப் பின்னிக்கொள்ளும். பாட்டு மாறியதும் வந்த வழியே திரும்பினால் சடை அவிழும். ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள்.

முதல் நாளே பிரேக் சார் தரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏன் சார் நின்னுட்டீங்க?"

"கோடு போட்டிருக்கே. தாண்டலாமா?"

"அது ஷட்டில் கோடு சார்!"

கோட்டைத் தாண்டப் பழகினார். எதிரே ஆள் வந்தால்தான் வம்பு. கால் தானாக அழுந்திவிடும். கோலை நீட்டி, "நீங்க போங்க" என்று வழிவிடுவார். "இங்க யாரும் யாருக்கும் வழி விடக் கூடாது சார். எல்லாரும் நடந்தா வழி தானா கிடைக்கும்" என்று மாஸ்டர் தொண்டை கட்டக் கத்துவாள். சொன்னது காதுக்குப் போனது, காலுக்குப் போகவில்லை. கடைசியில் காப்பாற்றியது மனைவிதான். அவருக்குப் பின்னாலேயே வருபவள், அவர் நிற்கிற நேரம் பார்த்துக் கோலால் முதுகில் ஒரு குத்து குத்துவாள். வண்டி நகரும்.

ஆண்டு விழா நெருங்கியதும் மாஸ்டர் தயங்கித் தயங்கி வந்தாள். "சார், தப்பா நினைக்காதீங்க. கஷ்டமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஆனா ஜோடியாத்தான் ஆட முடியும். நீங்க விலகினா அக்காவும் விலகணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அடுப்படியில் கரண்டியை வைத்துக்கொண்டு ஆடிப் பார்க்கிறவள், இப்போது கோலை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். சாவியை மேஜைமேல் வைத்த அன்றும் இதே முகம்தான்.

"நான் நிக்க மாட்டேன்மா," என்றார். மாஸ்டரிடமா, மனைவியிடமா என்று அவருக்கே தெரியாது.

விழா அன்று பிற்பகல் கூடம் நிரம்பி வழிந்தது. பாதிக்குமேல் அவரிடம் ஓட்டக் கற்றவர்கள். சாரைக் காலில் சலங்கையோடு பார்க்கிற பாக்கியத்தை யார் விடுவார்கள்? ஆட்டம் நன்றாகவே தொடங்கியது. சடை மேலிருந்து அழகாக இறங்கிவந்தது. அவருக்கே ஒரு தெம்பு வந்தது. அப்போது எதிரே வந்த பல் டாக்டர் பதற்றத்தில் அவர் பக்கமாகவே சாய்ந்து வந்தார்.

அழுந்திவிட்டது கால்.

"நீங்க போங்க டாக்டர்."

டாக்டரும் மரியாதை தெரிந்தவர். "இல்லையில்ல, நீங்க போங்க சார்."

முதுகில் குத்து விழுந்தது. அதற்குள் பின்னால் வந்தவர்கள் மோதி, முன்னால் போனவர்கள் இழுபட்டு, அத்தனை பேரும் கூடத்தின் நடுவே ஒரே கொத்தாகச் சேர்ந்துவிட்டார்கள். பாட்டு மட்டும் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் ஓடியது.

"யாரும் பதறாதீங்க! ரிவர்ஸ்!" என்று பிரேக் சார் அதட்டினார். "எல்லாரும் இடது பக்கம் ஒடிச்சுத் திரும்புங்க!" எதிரெதிராக நின்றவர்களில் யாருடைய இடது என்று அவர் யோசிக்கவில்லை. கொத்து இன்னும் இறுகியது. இப்போது மனைவியின் மூக்கும் அவர் மூக்கும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் வாயை மூடுங்க," என்றாள் அவள். "என் கயித்து நுனியை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. காலை எடுங்க."

குனிந்து பார்த்தார். நிஜம்தான். வலது கால் கயிற்றைத் தரையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது.

"எடுத்தா எல்லாம் மோதிடுமே?"

"மோதாது. நான் பார்த்துக்கறேன். எடுங்க."

கற்றுக்கொள்ள வந்த யாரையும் அவர் அப்படி நம்பியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கினார்.

"டாக்டர், ஒரு எட்டு பின்னாடி வாங்க. நீங்க என் கைக்கு அடியில குனிஞ்சு வாங்கம்மா. நில்லுங்க, இப்ப நீங்க." அவள் குரலில் அவசரமே இல்லை. ஒவ்வொரு கயிறாக விலகியது. எங்கே ஊன்றினால் எது சிக்குமோ என்ற பயத்தில் அவர் ஒற்றைக் காலில் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். ஆட்டம் அவரைச் சுற்றி மறுபடி ஓடத் தொடங்கியது. இதுவும் ஆட்டத்தில் ஒரு நிலை போலிருக்கிறது என்று நினைத்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சடை முழுக்க அவிழ்ந்து கயிறுகள் தனித்தனியாகத் தொங்கியபோது மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வெளியே வந்ததும் அவர் பயிற்சிக் காரின் சாவியை நீட்டினார்.

"எதுக்கு?"

"ஓட்டத்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பக்கத்துல யாரு உட்கார்றது?"

அவர் பக்கத்து சீட்டில் ஏறினார். செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் மேலே தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் மேலேயே பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்.

"என்னங்க இது, சாப்பிட உட்கார்ந்த மாதிரி?"

"நீ வண்டியை எடு."

கூடத்து வாசலைத் தாண்டியதும் சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. அவர் முழங்கால் துள்ளியது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார்.

வண்டி மெதுவாக, குலுங்காமல் நின்றது. நிறுத்தியது அவள்.