நத்தை ஓட்டில் ஒரு சொல்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்து வடக்கு ஓரத்தில், மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் பழைய ரயில் பாதையை ஒட்டி, சிறு சிறு தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பதினேழாம் இலக்கத் தோட்டத்தை 2007ஆம் ஆண்டு மார்ச்சில் சாந்தாவும் அவள் கணவர் றெஜினோல்ட்டும் குத்தகைக்கு எடுத்தார்கள். வெயில் விழும் பாதியில் றெஜினோல்ட் மிளகாயும் பயற்றங்காயும் போட்டார். மற்றப் பாதியில் ஒரு கிழட்டு வால்நட் மரம் நின்றது. அதன் நிழலில் புல்கூட ஒழுங்காக முளைக்கவில்லை.

ஏப்ரலில் அந்த இருட்டு மண்ணைப் பிளந்துகொண்டு ஊதா நிற முனைகள் எழும்பின. மே மாதத்தில் அவை விரிந்தன. முன்பு இருந்தவர்கள் நட்டுவிட்டுப் போன ஹோஸ்டாச் செடிகள். சேம்பிலை மாதிரி அகலம், வெற்றிலை மாதிரி நரம்பு. சில இலைகள் சாம்பல் பூசியது போல நீலம், சிலவற்றுக்கு வெள்ளைக் கரை. பூவுக்காக இல்லாமல் இலைக்காகவே ஒரு செடியை வளர்ப்பார்கள் என்று சாந்தா அதுவரை நினைத்ததில்லை. அவளுக்கு மருத்துவமனைச் சமையலறையில் மத்தியான வேலை. காலை ஆறு மணிக்கே தோட்டத்துக்குப் போய், அந்த இலைகளில் நீர் உருண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்த ஜூனில் விடாமல் மழை. நத்தைகள் தின்று இலைகளில் முதலில் ஊசித்துவாரம் விழுந்தது, பிறகு ஐந்து சத நாணயம் அளவு ஓட்டை. சாந்தா முட்டைக்கோது நொறுக்கிப் போட்டாள், கோப்பிச் சக்கை கொட்டினாள். ஓடில்லாத செம்மண் நிற நத்தைகளுக்கு றெஜினோல்ட் தயிர் டப்பாவைப் புதைத்துப் பியர் ஊற்றி வைத்தார். காலையில் அவை அதில் ஊறிக் கிடப்பதை அவள் பார்க்க மாட்டாள். ஓடுள்ள பெரிய நத்தைகள் வேறு சாதி. எலுமிச்சங்காய் அளவு இருக்கும். சட்டப்படி அவற்றைக் கொல்லக்கூடாது என்று தோட்டச் சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். ஆகவே சாந்தா அவற்றை வாளியில் பொறுக்கி, ரயில் பாதையின் மண்மேட்டில் ஏறி, மறுபக்கப் புல்லில் கொட்டுவாள். மறுநாளும் அதே அளவு இருக்கும்.

"உதுகள் திரும்பி வருதுகள் போலை" என்றாள் ஒரு நாள்.

"நத்தைக்கு வீடு தெரியுமோ, சாந்தா?" என்று றெஜினோல்ட் சிரித்தார்.

தெரியுமா என்று பார்க்க, மகள் விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சை எடுத்து வந்து பன்னிரண்டு நத்தைகளின் ஓட்டில் ஆளுக்கொரு புள்ளி வைத்து மேட்டுக்கு அப்பால் விட்டாள். ஆறாம் நாள் நான்கு திரும்பி வந்திருந்தன. நான்கின் ஓட்டிலும், அவளுடைய சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில், ஒரு நீலப் புள்ளி இருந்தது.

"ஆரோ சின்னப்பிள்ளையள் விளையாடுதுகள்" என்றார் றெஜினோல்ட்.

இருக்கலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். விளையாட்டாகவே இரண்டாவது சிவப்புப் புள்ளி வைத்து அனுப்பினாள். இரண்டாவது நீலப் புள்ளியோடு வந்தன. வைத்தவர் கை நடுங்காமல், அளந்தது போல, அவளுடைய புள்ளிக்கு நேராக வைத்திருந்தார். பிள்ளைகள் இத்தனை பொறுமையாக இருப்பார்களா என்று யோசித்தவள், அதற்குப் பிறகு புள்ளி வைக்கவில்லை.

ஜூலை முதல் வாரத்தில், மிகப் பெரிய ஹோஸ்டாவின் நடு இலையில் ஒரே ஒரு நத்தை இருந்தது. இலையைத் தின்னவில்லை. சும்மா இருந்தது. அதன் ஓட்டில் நீல வர்ணத்தில் இரண்டு எழுத்தும் ஒரு கேள்விக்குறியும். ஜெர்மன் மொழியில் 'வோ?' எங்கே என்று அர்த்தம்.

சாந்தா சுற்றிவரப் பார்த்தாள். மழை இலைகளில் சொட்டிக்கொண்டிருந்தது. மேட்டில் யாரும் இல்லை. வாளியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அன்று முழுக்க, உருளைக்கிழங்கு உரிக்கும்போதும், யாரோ தன்னைத்தான் கேட்டது போல அந்தச் சொல் மனதில் நின்றது.

அடுத்த சனிக்கிழமை, பாலத்தின் கீழாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். அங்கேயும் தோட்டங்கள். மண்மேட்டோடு ஒட்டிய தோட்டத்தின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே நாற்பது ஐம்பது தொட்டிகள். எல்லாம் ஹோஸ்டா. ஒன்றில்கூட இலை இல்லை, நரம்பும் காம்பும் மட்டும் எழும்பி நின்றன. தொட்டி விளிம்பில், குடிலின் சுவரில், மேசையில் இருந்த கோப்பையில், எங்கும் நத்தைகள். நடுவில் ஒரு கிழவர் அமர்ந்திருந்தார். அவர் சட்டைக் கையில் ஒரு நத்தை ஊர்ந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. எதிரே மெத்தை போட்ட இன்னொரு நாற்காலி வெறுமையாக இருந்தது.

தான் மேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரி என்று சாந்தா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள். கிழவர் தன் பெயர் ருடெக் என்றார்.

"உட்காருங்கள். அந்த நாற்காலியில் வேண்டாம்."

அவள் கவிழ்த்துக் கிடந்த வாளியில் உட்கார்ந்தாள்.

"இந்தச் செடியெல்லாம் என் மனைவி லோட்டே வளர்த்தவை" என்றார். "நத்தையைக் கொல்ல மாட்டாள். சிவப்புப் புள்ளி வைத்து மேட்டுக்கு அப்பால் எறிவாள். திரும்பி வந்தால் பெயர் சொல்லித் திட்டுவாள். போன நவம்பரில் இறந்துவிட்டாள்."

சாந்தா கைகளை மடியில் ஒளித்துக்கொண்டாள். நகத்தோரம் சிவப்பு இன்னும் போகவில்லை.

"ஜூனில் சிவப்புப் புள்ளியோடு ஒன்று வந்தது. பிறகு ஐந்தாறு. நான் என் விளையாட்டு ரயில்களுக்குப் பூசும் நீல வர்ணத்தில் பதில் வைத்தேன். அவள் இரண்டாவது புள்ளி வைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றையும் இங்கிருந்து விரட்டவில்லை. எந்த நத்தை அவளுடைய பதிலைக் கொண்டுவரும் என்று தெரியாதே."

இத்தனை நாளும் மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறதோ என்று பயந்திருந்தவளுக்கு, இந்த மனிதர் லோட்டே என்று நம்பியிருந்த பேய் தானேதான் என்று அப்போது விளங்கியது. மறைத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த வெறும் காம்புகளைப் பார்க்கப் பார்க்க அவளால் முடியவில்லை.

"ஹெர் ருடெக், என்னை மன்னிக்க வேண்டும். அந்தப் புள்ளிகளை வைத்தது நான்." கைகளை நீட்டிக் காட்டினாள்.

கிழவர் அவள் விரல்களை நெடுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. எழுந்து குடிலுக்குள் போய், பாசி பரப்பிய ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அதில் ஒரு நத்தை. ஓட்டின் ஒரு பக்கத்தில் அவருடைய நீல 'வோ?' இருந்தது. மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சிவப்பில், தலைமுடி போல மெல்லிய கோட்டில், 'டா' என்று எழுதியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை வந்தது. இதுவும் நீங்களா?"

சாந்தா குனிந்து பார்த்தாள். அவளுடைய நகப்பூச்சுத் தூரிகை தடிப்பானது. அதால் இப்படி ஓர் எழுத்தை எழுதவே முடியாது.

"இல்லை. நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

அவர் முகத்தின் இறுக்கம் தளர்ந்தது. அவள் கையை இரு கையாலும் பிடித்தார். "நன்றி. அதைத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது." பிறகு, கணக்குப் புரியாத மாணவன் போல மெல்லக் கேட்டார். "'டா' என்றால் அங்கே என்றும் எடுக்கலாம், இங்கே என்றும் எடுக்கலாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

அவர் கண்கள் எதிர் நாற்காலிக்குப் போயின. மெத்தையின் மேல் நத்தை ஊர்ந்த ஈரத்தடம் ஒன்று காயாமல் மினுங்கியது. சாந்தா வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லி றெஜினோல்ட்டைக் கேட்டாள். "நீங்கள் நத்தை ஓட்டிலை ஏதும் எழுதினீங்களோ?"

"எனக்கென்ன விசரே? அந்தக் கிழவர் தானே எழுதிப்போட்டு மறந்திருப்பார். தனிய இருக்கிற ஆக்களுக்கு அப்பிடி வரும். நீர் இனி உந்த நத்தையளைத் தொடாதையும்."

அதுதான் சரியாக இருக்கும் என்று அவளும் வைத்துக்கொண்டாள். நகப்பூச்சைக் குப்பையில் போட்டாள்.

ஆகஸ்டில் ருடெக்கைப் பஸ் தரிப்பில் கண்டாள். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். ஹோஸ்டாக்கள் புது இலை விட்டிருக்கின்றன என்றார். நத்தைகளைப் பெட்டியில் அடைத்து, சைக்கிளில் காட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறாராம். "இனி அவை வந்து போகத் தேவையில்லை" என்று சொன்னபோது அவர் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார்.

பயம் சாந்தாவுக்குத்தான் வந்து சேர்ந்தது. இலைக்கு அடியில் கைவிட அவளால் முடியவில்லை. தனியே போவதையும் நிறுத்திக்கொண்டாள். அவளுக்காக றெஜினோல்ட் காலையில் போய்ப் பார்த்து வருவார்.

செப்டம்பரில் ஒரு காலை, போன வேகத்தில் திரும்பி வந்தார். குளியலறையில் நெடுநேரம் தண்ணீர் ஓடியது. வெளியே வந்தபோது, தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கையில், தலைமுடி போல மெல்லிய சிவப்பு வர்ணக் கோடு ஒன்று இன்னும் போகவில்லை.

"சாந்தா, உந்தத் தோட்டத்தைக் குடுத்திடுவம்."

"என்ன கண்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை. எனக்கு முதுகு நோகுது."

சங்கத்துக்குக் கொடுத்த படிவத்திலும் காரணம் என்ற இடத்தில் முதுகுவலி என்றே எழுதினார். அக்டோபரில் ஒரு இளம் சோடி வந்து சாவியை வாங்கிக்கொண்டது. அந்தப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி வால்நட் மரத்தடிக்குப் போய், மஞ்சளாகிச் சரிந்த ஹோஸ்டா இலைகளைப் பார்த்தாள். இதற்கு ஏதும் விசேஷமாகச் செய்ய வேண்டுமா என்று கேட்டாள்.

சாந்தா மண்மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். றெஜினோல்ட் ஏற்கெனவே காரில் ஏறி இயந்திரத்தை இயக்கிவிட்டார்.

"தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள்" என்றாள். "பின்னேரத்தில் மண் ஈரமாக இருந்தால் நத்தைகள் வரும்."