கல்லில் பொறித்த தேதி

எங்கள் மூதாதை அமாபிள் திவியேர்ஜின் கல்லறைக்கு நான் செய்யச் சொன்ன புதுக் கல் புதன்கிழமை வந்து இறங்கியது. அதில் பொறித்திருந்தது: பிறப்பு, 14 மார்ச் 1789. ஞாயிறு பூசை முடிந்து பங்குத்தந்தை அதை மந்திரித்து ஆசீர்வதிக்கும்போது உடனிருக்க அறுபது உறவினர்கள் வருவதாக இருந்தார்கள். ஞானஸ்நானப் பதிவின் நகல் வேண்டும் என்று தந்தை கேட்டதால், மறுநாள் பங்கு அலுவலகத்துக்குப் போனேன்.

பழைய ஏடுகளுக்குப் பொறுப்பான ரெஜான் அம்மாள் விரலால் வரிசையாகத் தேடினார்.

"ஞானஸ்நானத்துல எல்லாப் பையனும் ஜோசப், எல்லாப் பொண்ணும் மரி. கடைசிப் பேர வச்சுத்தான் ஆளப் பிடிக்கணும். இந்தாங்க, ஜோசப் அமாபிள்." இன்னும் சில பக்கங்கள் புரட்டியவர் நின்றுவிட்டார். "ஐயா, இவன் ரெண்டு வயசுல செத்துப்போயிட்டானே."

"தப்பாப் படிக்கிறீங்க."

"நீங்களே படிங்க."

படித்தேன். 1791 மே மாதம் அடக்கம். அப்படியானால் 1815இல் மணம் முடித்து எங்கள் வம்சத்தைத் தொடங்கிய அமாபிள் யார்? அந்தத் திருமணப் பதிவில் பெற்றோர் பெயர் இருந்த இடத்தை ஈரம் தின்றிருந்தது.

பக்கத்துப் பண்ணை ஒர்மிதாஸ் நாற்பது வருடமாக ஒன்றைச் சொல்லி வருகிறான்: எங்கள் மூதாதை ஆலயப் படியில் அநாதையாகக் கிடந்த பிள்ளை, திவியேர்ஜ் ரத்தமே இல்லை என்று. வம்ச அட்டவணை போட்டு அவன் வாயை அடைத்தவன் நான். ஞாயிறன்று அவனும் வருவான்.

அன்று மாலையே முதியோர் இல்லத்தில் இருக்கும் அக்கா அல்மாவிடம் போனேன். தொண்ணூற்றொரு வயது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சீட்டு அடுக்குவதைத் தொடர்ந்தாள்.

"செத்த பிள்ள பேர அடுத்து பொறக்கிறதுக்கு வைப்பாங்கடா. ரெண்டு மூணு வருசம் தள்ளிப் பாக்கச் சொல்லு."

"அந்தக் காலத்துல அப்படியா?"

"அந்தக் காலமென்ன? உனக்கே ஒவிட்டுன்னு அப்படித்தான் வச்சாங்க."

எனக்குப் புரியவில்லை.

"உனக்கு முன்னால ஒரு ஒவிட் இருந்தான். ஏழு மாசம். பிப்ரவரி ஒம்பதுல போனான்."

ஒவ்வொரு பிப்ரவரி ஒன்பதும் அம்மா ஒவிட் பெயரில் பூசை வைப்பாள். என் நலனுக்காக என்று எண்ணி முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவ்வளவு பெருமையா நிமிந்து ஒக்காந்திருப்ப. யாருக்குடா சொல்ல மனசு வரும்?"

வெள்ளிக்கிழமை ரெஜான் அம்மாள் கண்டுபிடித்துவிட்டார். 2 ஆகஸ்ட் 1793, ஜோசப் அமாபிள், அதே அப்பா, அதே அம்மா. குடும்பத்தின் மானம் தப்பியது. ஆனால் கல்லில் இருந்தது இறந்த குழந்தையின் தேதி.

"அழிச்சா குழி விழும், ஐயா. அப்படியே விட்டுருங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் கல் பொறிப்பவன்.

எனக்குத் தெரியும். கீழே இரண்டாவது தேதியையும் பொறிக்கச் சொன்னேன். முதல் தேதி அந்தக் குழந்தைக்கே இருக்கட்டும்; அதற்கு இதுவரை கல்லே கிடையாது.

ஞாயிறன்று ஒர்மிதாஸ் குனிந்து பார்த்தான்.

"உங்காளு ரெண்டு தடவ பொறந்தாரா, ஒவிட்?"

"ரெண்டு பேர் பொறந்தாங்க. ரெண்டு பேருமே படியில கெடக்கல."

அறுபது பேருக்கும் என் தவறை நானே சொன்னேன். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, பிப்ரவரி ஒன்பதில் ஒரு பூசை வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். அவர் குறிப்பேட்டைத் திறந்தார்.

"யார் பேர்ல?"

"ஒவிட் திவியேர்ஜ்."

"உங்களுக்கா? இல்ல, இறந்தவங்க யாருக்காவதா?"

அம்மா அந்த முதல் வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபிப்பாள். தந்தை பேனாவுடன் காத்திருந்தார். நிமிர்ந்துதான் நின்றேன். "ரெண்டு பேருக்கும்" என்றேன்.