வக்கீல் அட்டைக்குள் ஒரு நாவல்

"அண்ணி, அட்டையில எங்கப்பா முத்திரை இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் கொழுந்தன், பெரிய மருமகளிடம். அப்பாவைப் போலவே அவரும் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர்தான். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

நூலகத்து மேசைமேல் கிடந்தது அந்த நாவல். மிஞ்சியிருக்கும் ஒரே பிரதியாம். மாமனார் போனபின் அவருடைய சட்டப் புத்தகங்களோடு சேர்ந்து இங்கே வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் வைக்குமுன், அது யாருடையது என்று ஒரு வரி எழுத வேண்டும்.

"அக்காவோடதுன்னு எழுதுங்க," என்றாள் சின்ன மருமகள் நூலகரிடம். "கல்யாணமாகி வந்தப்ப அவங்க பெட்டியில வந்தது."

பக்கத்திலிருந்த பெரியவள் அவளை முழங்கையால் இடித்தாள். "விடுடி. செத்தவரோட எதுக்கு மல்லுக்கு நிக்கிற?"

"சும்மா இருங்கக்கா. வாயை மூடிக்கிட்டு இருந்ததெல்லாம் போதும்."

கதை படித்தால் குடும்பம் குட்டிச்சுவர் என்பது மாமனாரின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. ஒரு மத்தியானம் மருமகள்கள் இருவரும் அவருடைய சட்டப் புத்தகம் ஒன்றின் அட்டையைப் பிரித்து நாவலுக்குப் போட்டார்கள். நாவலின் அட்டையைச் சட்டத்துக்குப் போட்டார்கள். அவருடைய கறுப்பு அங்கிக்கு வைத்திருந்த நூலாலேயே தைத்தார்கள். அப்புறம் ஒருத்தி அடுப்பைப் பார்க்க, மற்றவள் வாசிப்பாள். கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். அன்றைக்கென்று மாமனார் சமையலறைக்குள் வந்தார். "சட்டத்துக்கு இங்க என்ன வேலை?" என்று எடுத்துப் போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"அப்பா ஒரு தடவைகூடவா திறந்து பார்க்கல?" கொழுந்தன் சிரித்தார்.

"பார்த்திருந்தா எங்களை வீட்டுல வச்சிருப்பாரா?"

சின்னவள் பையைத் திறந்தாள். நாவலின் பழைய அட்டை வெளியே வந்தது. உள்ளே சட்டப் பக்கங்கள். முதுகில் அதே கறுப்புத் தையல். நூலகர் அந்த அட்டையை மெல்ல விரித்து நாவலின் முதல் பக்கத்தின்மேல் வைத்தார். அட்டையில் பூச்சி அரித்த ஓட்டையும் நாவலின் பக்கத்தில் அரித்த ஓட்டையும் கச்சிதமாக ஒன்றாயின.

கொழுந்தன் சட்டப் பக்கங்களைப் புரட்டினார். முகம் மாறியது. "அடப்பாவிகளா! இதைத்தானே அப்பா வீடு பூரா தேடினாரு! நான் தொலைச்சேன்னு என்னையில்ல வெளுத்து வாங்கினாரு!"

"தெரியும் தம்பி," என்றாள் பெரியவள். "அதனாலதான் அன்னிக்கு உங்களுக்கு ரெண்டு கரண்டி சோறு கூடவே போட்டேன்."

முதலில் சிரித்தது கொழுந்தன்தான்.

நூலகர் பேனாவைத் திறந்தார். "உங்க பேரைச் சொல்லுங்கம்மா."

பெரியவள் சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை என்றார் நூலகர். மறுபடி சொன்னாள், அறை முழுக்கக் கேட்கும்படி.

பிறகு கடைசி அத்தியாயத்தைத் திறந்து சின்னவள் பக்கம் நகர்த்தினாள். "வாசிடி. அடுப்புல ஒண்ணும் இல்ல."

கண்ணாடிப் பெட்டியின் மூடி திறந்தபடியே கிடந்தது. கொழுந்தன் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.